பன்னிரண்டு காம்பரா, ஒரே பதில்

அந்த உத்தியோகத்தர் சப்பாத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் பாக்கியம் மதினியின் காம்பராவுக்குள் வந்தார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரியாதை தெரிந்த பிள்ளை. காற்சட்டை அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல் தரையில் முழந்தாளிட்டு, பதித்திருந்த டைலை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்:

"இது ஒரிஜினல் இல்லை மிஸ். கழற்ற வேண்டும்."

மதினி அந்த நேரம் அடுப்படியில் அவருக்குத்தான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். இஞ்சி தட்டிப் போட்ட வாசம் காம்பரா முழுக்க இருந்தது. "என்னா சொல்றாரு புஸ்பா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

நான் மொழிபெயர்ப்பாளர். கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை அந்த வேலையைத்தான் செய்து ஓய்வு பெற்றேன். சிங்களத்தில் காதில் விழுவது தமிழில் வாயால் வர எனக்கு மூச்சுவிடும் நேரம் போதும். அன்றைக்கு வாய் வரவில்லை. "இருங்க மதினி, பேசிட்டு சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

இந்த வாரம் என் முதல் நியமனக் கடிதம் வந்த கதையை எழுதுவதாகப் பத்திரிகை ஆசிரியருக்குச் சொல்லியிருந்தேன். அது எங்கே ஓடிவிடப்போகிறது, கிடக்கட்டும். வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு பழைய இனிப்பான கதை எழுத எனக்குத் தெரியாது. நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, விசயம் இன்னும் முடியவும் இல்லை. அதனால் இதையே எழுதுகிறேன்.

மூன்று நிறத்து டைல்

ஹந்தானை மலையில், கண்டி டவுனில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கிறது எங்கள் லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. தோட்டத்தின் மேல் பிரிவு என்பதால் மேல்கணக்கு லயம் என்று பெயர். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு கதவு, ஒரே நீளமான தகரக் கூரை. நான் பிறந்தது அங்கேதான். என் மூத்த அண்ணன் சிவலிங்கத்தின் மனைவிதான் பாக்கியம் மதினி. அண்ணன் காலமாகிவிட்டார். மதினியும் மகள் கோமதியும் அதே காம்பராவில் இருக்கிறார்கள். கோமதிக்கு டவுனில் துணிக்கடையில் வேலை.

கோமதிக்குச் சின்ன வயதில் இழுப்பு. மழை தொடங்கினால் மண் தரையில் ஈரம் ஊறி மேலே வரும். மதினி வெள்ளிக்கு வெள்ளி சாணி போட்டு மெழுகுவார். மெழுகிய தரை காயாது, பிள்ளைக்கு மூச்சிரைப்பு நிற்காது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "முதலில் தரையைப் பாருங்கள்" என்றாராம்.

அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். பழைய காலத்தில் எங்கள் லயத்துக்குத் துணிமூட்டை கொண்டுவந்து விற்ற நசீர் நானா, பிறகு கலகெதரவில் ஹார்ட்வெயார் கடை போட்டிருந்தார். அண்ணன் அவரிடம் போய் நின்றார். நானா கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், மிச்சம் விழுந்த டைல் பெட்டிகளைக் காட்டினாராம்.

"மூணு கலர் தான் ஈக்கிது சிவலிங்கம். பொண்டாட்டி ஏசினா எங்கட கடை பேர மட்டும் சொல்ல வாணாம்."

கலகெதரவிலிருந்து பஸ்ஸில் கண்டி. கண்டியிலிருந்து பாதை இருக்கும் மட்டும் த்ரீவீலர். அதற்கு மேல் படிக்கட்டு, தலைச்சுமை. ஒரு நடைக்கு ஒரு பெட்டிதான் முடியும். அண்ணன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அப்படி ஏறினார் என்று மதினிக்கே ஞாபகம் இல்லை. பதித்ததும் அவர்தான். வாசல் பக்கம் வெள்ளை, நடுவில் சாம்பல், அடுப்படியில் நீலப்பூ. மூலையில் கொஞ்சம் கோணலாகத்தான் போகும், கட்டில் கால் அடியில் அட்டை மடித்து வைக்க வேண்டும். ஆனால் அந்தத் தரை வந்த பிறகு கோமதிக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது நின்றது.

இதைத்தான் அந்தப் பிள்ளை இரண்டு தட்டுத் தட்டி ஒரிஜினல் இல்லை என்றது. உண்மைதான். ஒரிஜினல் என்பது சாணியும் ஈரமும் இழுப்பும். அதுதான் மரபுரிமை என்றால், முதலில் அவர்களுடைய அலுவலகத் தரையை உடைத்து வெள்ளிக்கு வெள்ளி மெழுகட்டும், நானே போய்ச் சாணி அள்ளிக் கொடுக்கிறேன்.

சரித்திரம் வந்த நாள்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில்தான் தொடங்கியது. நான் இப்போது இருப்பது குண்டசாலையில். ஒரு காலை மதினி கூப்பிட்டார்.

"புஸ்பா, நம்ம லயம் சரித்திரமாம். வந்து சொல்லிட்டு போனாங்க. பங்களா, பேர் கூப்பிடுற பிரட்டுக்களம், நம்ம லயம் எல்லாத்தையும் ஒன்னா சேத்து மரபுரிமைக் கிராமமா பாதுகாக்கப் போறாங்களாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரத்தில் ராஜாக்கள் இருந்தார்கள், வெள்ளைக்காரத் தொரைமார் இருந்தார்கள், கோப்பி இருந்தது, தேயிலை இருந்தது. அதைப் பறித்த ஆட்கள் ஒரு பக்கத்தில்கூட இல்லை. இப்போதாவது ஒருவனுக்குப் புத்தி வந்ததே என்று நினைத்தேன். எந்த அலுவலகம் என்று பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் இந்தப் பத்தி வராது.

வீடு வீடாகப் போய் விபரம் எடுக்க வருகிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்று கேள்விப்பட்டு, நானே போய் உதவி செய்வதாகச் சொன்னேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போய்த் தலையைக் கொடுத்தேன். குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன்.

லயத்துச் சனம் தண்ணி ஓடும் காண் எல்லாம் கழுவி, வாசலெல்லாம் கூட்டி, கல்யாண வீடுபோல வைத்திருந்தார்கள். பக்கத்துக் காம்பரா செல்லையா அண்ணன் பேனா ஒன்றைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு நின்றார். "சரித்திரத்துல கையெழுத்து கேப்பாங்கல்ல" என்றார்.

படிவத்தில் ஏழாவது கேள்வி: 'இக்கட்டிடத்தில் உங்களுக்குள்ள உரித்து யாது?' அதை அப்படியே வாசித்தால் எங்கள் சனத்துக்கு விளங்காது. ஆகவே, "இந்த வீடு யாருது?" என்று கேட்டேன்.

"தோட்டத்து வீடுதாங்க" என்றார் மதினி, இதென்ன கேள்வி என்பதுபோல.

செல்லையா அண்ணன்: "தோட்டத்து வீடு." அதற்கடுத்த காம்பரா: "தோட்டத்து வீடுதானே, நமக்கேது?" பன்னிரண்டு கதவையும் தட்டினேன். பன்னிரண்டிலும் அதே பதில். நான் பன்னிரண்டு படிவத்திலும், என் அழகான கையெழுத்தில், 'தோட்டத்துக்குரியது. தனக்கு உரித்தில்லை' என்று சிங்களத்தில் எழுதினேன். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆணி அடிக்காத சுவர்

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது, கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி கிடையாது. சாமி படம், கலண்டர், அப்பாவின் தொப்பி எல்லாம் கூரைக் கம்பிலிருந்து கயிற்றில் தொங்கும். காற்றடித்தால் முருகன் ஆடுவார். ஆணி அடிக்க அப்பா விடவே மாட்டார். "அடுத்தவன் சுவத்துல அடிக்கிறதா? நாளைக்கு தொர வந்து கேட்டா?" என்பார். தொரை எங்கள் காம்பராவுக்குள் வந்ததை நான் கண்டதே இல்லை.

ஐந்தாம் வகுப்பு பாஸ் பண்ணிக் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி வீடு எங்கே என்று கேட்டார். எங்கள் வீடு அங்கே, எங்கள் வீடு இங்கே என்று எல்லாரும் சொன்னார்கள். நான் எழும்பி, "தோட்டத்து வீட்டுல இருக்கோம் டீச்சர்" என்றேன். சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

அதைவிட வெட்கம், குண்டசாலையில் சொந்தமாக வீடு கட்டி முடித்தபோது நடந்தது. கட்டிய மேசன் பாஸ் என்னைக் கேட்டார், ஆணி எங்கெங்கே அடிக்க வேண்டும் என்று. நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், சொந்த வீடு வளவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். "என்னப்பா, உம்மட வீட்டுச் சுவர்தானே, சொல்லுமன்" என்றார். நான் கிணற்றடிப் பக்கம் போய் நின்று அழுதேன். அவருக்கு இன்றைக்கும் காரணம் தெரியாது. இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்வார்.

ஆக, 'தோட்டத்து வீடு' என்பது எங்கள் வாய்ப்பழக்கம். மூன்று மாடி வைத்திருக்கிறவர் விருந்தாளியைப் பார்த்து, "நம்ம குடிசைக்கு ஒரு நாளைக்கு வாங்க" என்று சொல்வதில்லையா? அதை எழுதி வைத்துக்கொண்டு, இவர் குடிசைவாசி என்று எவனாவது முத்திரை குத்துவானா? பணக்காரன் சொன்னால் பணிவு, நாங்கள் சொன்னால் வாக்குமூலமா?

இது எனக்குத் தெரியாததா? அங்கே பிறந்தவள்தானே நான்? தெரிந்தும் எழுதினேன். அதிகாரிகள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேலேயே இருக்கிறது.

பங்களாவுக்கு ஒரு நியாயம்

இனி அந்த டைல் தட்டிய நாளுக்கு வருகிறேன். அது இரண்டாம் முறை, அளவெடுக்க வந்தபோது. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்த மதினியிடம், தரையைக் கழற்ற வேண்டுமாம் என்று ஒருவாறு சொன்னேன். மதினி கோபப்படவில்லை. அவருக்கு அது பகிடியாகத்தான் பட்டது.

"கழட்டிட்டு எத போடுவாங்களாம்?"

"பழையபடி சாணி மெழுகுவாங்களாம் மதினி."

"யாரு மெழுகுறது? எனக்கு முட்டி மடங்காதுன்னு அவர்ட்ட சொல்லு."

சொன்னேன். அந்தப் பிள்ளை குறிப்புப் புத்தகத்தைப் புரட்டியபடி, "அதற்குப் பணியாளர்கள் இருப்பார்கள்" என்றது. எனக்குச் சுருக்கென்றது. இவர்கள் வீட்டை மெழுகப் பணியாளர் எதற்கு? "அப்போது இவர்கள் எங்கே இருப்பார்கள்?" என்று கேட்டேன். அவர் குறிப்புப் புத்தகத்தை மூடினார். பிறகு, "உங்களுக்கு அறிக்கை வரவில்லையா மிஸ்?" என்று கேட்டு, பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

பளபளப்பான தாள். முதல் பக்கத்தில் எங்கள் லயம், மஞ்சள் வெயிலில், நாங்கள் ஒருநாளும் காணாத அழகில். உள்ளே திட்டம். முதல் நான்கு காம்பரா அருங்காட்சியகம். மற்ற எட்டும் உல்லாசப் பயணிகள் தங்குவதற்கு. மதினியின் காம்பராவில் 'ஒரு தொழிலாளியின் வாழ்க்கை' வைக்கப்படும்: பித்தளைக் குடம், சிமினி விளக்கு, கம்பிளி, கொழுந்துக் கூடை. மதினியிடம் இருப்பது காஸ் அடுப்பு, டீவி, ஓர் அலுமாரி. அவையும் ஒரிஜினல் இல்லைதானே. மதினியும் இல்லை போலிருக்கிறது. சனத்தைக் கீழ்க்கணக்கில் தகரக் கொட்டில் போட்டுத் தற்காலிகமாக மாற்றுவார்களாம். தற்காலிகம் என்ற சொல் எங்கள் மலையில் எத்தனை வருசம் நீளும் என்று எனக்குத் தெரியும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'தமக்கு எவ்வித உரித்தும் இல்லை என்பதைக் குடியிருப்பாளர் அனைவரும் ஏற்றுக்கொண்டுள்ளனர்.' என் பன்னிரண்டு படிவமும் சுருங்கி அந்த ஒரு வரியாகி நின்றது.

அதே திட்டத்தில்தான் தொரை பங்களாவையும் புதுப்பித்தார்கள். அந்த வழியாகத்தான் ஏறி வந்தேன், கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தேன். குளியலறை முழுக்கப் புது டைல், கூரை வரைக்கும். சுடுதண்ணீர்க் குழாய். குளிர்சாதனம்.

"பங்களா குளியலறையில் இருக்கிற டைல் ஒரிஜினலா?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ். அது தங்குகிறவர்களின் வசதிக்காக."

"இது?"

அந்தப் பிள்ளை தேத்தண்ணியைப் பார்த்தது. செத்துப்போன தொரை வெந்நீரில் குளிக்கலாம், உயிரோடு இருக்கிற மதினி காய்ந்த தரையில் படுக்கக் கூடாது. இந்த நியாயத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள் என்று தெரியவில்லை. கட்டிடத்தைப் பாதுகாக்கிறவன், அந்தக் கட்டிடம் இத்தனை காலம் எப்படி நின்றது என்று ஒரு தடவையாவது யோசிக்க மாட்டானா? கூரை ஒழுகும்போதெல்லாம் ஏறித் தார் பூசியது யார்? காண் அடைத்தால் குத்தியது யார்? சரித்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை வெளியே போட்டுவிட்டு, குடத்தையும் கூடையையும் உள்ளே வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

மதினி அறிக்கையைக் கையில் வாங்கி, அட்டைப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விசயத்தைச் சொல்லச் சொல்ல, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாம சொன்னதத்தானே எழுதியிருக்காங்க புஸ்பா" என்றார். "பொய் ஒன்னும் எழுதலயே."

ஏழாவது கேள்வி

அடுத்த நாளே அந்த அலுவலகத்துக்குப் போனேன். மேலதிகாரி என்னைக் கதிரையில் உட்கார வைத்து, படிவங்களை எடுத்து மேசையில் பரப்பினார். "இது உங்கள் கையெழுத்துத்தானே? மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறதா?"

"சொல்லில் பிழை இல்லை. கேட்ட விதத்தில் பிழை."

"சொல்லில் பிழை இல்லையென்றால் நாங்கள் என்ன செய்ய முடியும் மிஸ்?"

எத்தனை நடை நடந்தேன் என்று சொல்லி உங்களை அலுப்பாக்க விரும்பவில்லை. மூன்று மொழியிலும் மனு எழுதினேன். பன்னிரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். செல்லையா அண்ணனின் பேனா கடைசியில் அதற்குத்தான் உதவியது. கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள், நேரே போனால் கூட்டத்தில் என்பார்கள். கடைசியில் என் தொல்லை தாங்காமல், ஏழாவது கேள்வியை மட்டும் மறுபடி கேட்கச் சம்மதித்தார்கள். தோட்டத்துச் சார்பில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை.

முதல்நாள் பின்னேரம் எல்லாரையும் மதினியின் வாசல் இஸ்தோப்பில் கூட்டினேன். "நாளைக்கு 'எங்க வீடு'ன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான். வேற ஒன்னும் சொல்லத் தேவையில்ல."

இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். செல்லையா அண்ணன் சொல்லிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். "பொண்ணு பாக்க போன மாதிரி இருக்கு" என்றார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை.

"சொல்லிட்டு, அதுக்காக பேர வெட்டிட்டா?" என்று கேட்டார்.

பேர் வெட்டுவது என்றால், தோட்டத்துப் பதிவிலிருந்து பெயரை நீக்குவது. வெட்டினால் மூட்டை முடிச்சோடு லயத்தை விட்டு இறங்க வேண்டும். எங்கள் சின்ன வயதில் வாயைத் திறந்து நியாயம் கேட்டவர்களுக்கு அது நடந்ததைப் பார்த்திருக்கிறோம். "இப்ப அதெல்லாம் முடியாது மதினி" என்றேன். முடியாது என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை.

"சொல்லாட்டியும் எறங்கத்தானே போறோம்" என்றாள் கோமதி, கடை உடுப்புகூட மாற்றாமல் வாசலில் நின்றபடி. "சொல்லிட்டே எறங்குவோம்மா."

மறுநாள் மழை தூறியது. அதே பிள்ளைதான் படிவத்தோடு வந்தார், அதேபோலச் சப்பாத்தைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். தமிழர்தான், கெட்ட மனுசர் அல்ல. அண்ணனின் சாவுக்கு வந்து கடைசிவரை நின்றவர். அவரைக் கண்டதும் மதினி தோளில் கிடந்த சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

முதல் காம்பரா மதினியுடையது. லயத்துச் சனம் முழுக்க வாசலில் நின்றது. அந்தப் பிள்ளை கேள்வியைச் சிங்களத்தில் வாசித்தது. நான் தமிழில் கேட்டேன்.

"இந்த வீடு யாருது?"

மதினி என்னைப் பார்த்தார். பிறகு கிளாக்கரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். சொல்லுங்க மதினி, சொல்லுங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"எங்க வீடுங்க" என்றார்.

சொன்ன கையோடு கிளாக்கர் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பி, மெல்லிய குரலில், "தப்பா எடுத்துக்காதீங்கய்யா" என்றார்.

கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பிள்ளை பேனாவைத் தாளில் வைத்தபடி என்னைப் பார்த்தது.

"கடைசியாக ஏதோ சொன்னாரே மிஸ், அது என்ன?"

"அது படிவத்துக்கு இல்லை" என்றேன். "அவருடைய வீடு என்று சொன்னார். அதை எழுதுங்கள்."